சங்கு ஊதும் ஊரில் படிக்கப் போன மகளுக்கு

என் கண்ணு,

நேற்று முழுவதும் உன்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. நீ இருக்கிற ஊரின் பெயர் டிவியில் வந்தது. எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று அவர்கள் சொல்லவில்லை. புகையை மட்டும் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அந்தப் புகைக்குள் உன் ஹாஸ்டலைத் தேடினேன். அது எந்த நிறம் என்று உன்னிடம் நான் கேட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இன்று காலை சிக்னல் கிடைக்கிற பாறைக்குப் போனதும் ஒற்றை வரி வந்தது: ‘கரண்ட் இல்லம்மா, நல்லா இருக்கேன், கிளாஸுக்குப் போறேன்.’ உங்கப்பா போனை வாங்கி அதைப் படித்தார். “கிளாஸுக்குப் போறாளாம்” என்று என்னிடம் சொன்னார். அப்புறம் கொல்லைக்குப் போனவர் நான் வேலைக்குக் கிளம்பும்வரை வரவில்லை.

அங்கன்வாடியில் பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். மார்கழிக் குளிர் மதியத்திலும் தரையில் இருக்கிறது, அதனால் எல்லாரையும் ஒரே கம்பளிக்குள் நெருக்கிப் படுக்க வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ எனக்குச் சமாதானம் சொல்வாய், நானும் சமாதானமாகிவிட்டவள் மாதிரிப் பேசுவேன். இரண்டு பேரும் பொய் சொல்லிவிட்டு வைத்துவிடுவோம். எழுதினால் பொய் சொல்ல வராது எனக்கு. எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புகிறேன். உனக்கு எப்போது கரண்ட் வருகிறதோ அப்போது படி.

நீ ஏன் டாக்டருக்குப் படிக்கப் போனாய் என்று அந்த நாளில் எல்லாரும் கேட்டார்கள். மலையில் யாரோ வைத்தியம் இல்லாமல் செத்திருக்க வேண்டும், அதைப் பார்த்து நீ சபதம் எடுத்திருக்க வேண்டும் என்று அவர்களுக்கு ஒரு கதை தேவைப்பட்டது. பேப்பருக்குப் பேட்டி எடுக்க வந்த தம்பிகூட அப்படித்தான் கேட்டான். “எனக்குப் புடிச்சிருக்குதுங்க, அதான்” என்று நீ சொன்னாய். அவன் முகம் தொங்கிப்போய்விட்டது. எனக்கு அந்தப் பதில்தான் பிடித்தது. தவளையின் காலையும் மீனின் செவுளையும் வெட்டிப் பார்த்து வாய் பிளந்து உட்கார்ந்திருந்த பெண் நீ. இங்கே இடம் கிடைக்கவில்லை, உக்ரைனில் கிடைத்தது. உன்னை அனுப்ப நாங்கள் எதை விற்றோம் என்பதெல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம். அதை நீ நினைத்துக்கொண்டே இருக்கிறாய் என்பதுதான் எனக்குக் கவலை. அதை மற. ஒத்தப் பிள்ளைக்குச் செய்யாமல் யாருக்குச் செய்வது?

மூன்றாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய். அந்த மாசி மாதம் நம் ஊரில் எல்லாரும் புளி உலுக்கிக்கொண்டிருந்தோம். உங்கப்பா மரத்தின் மேலே இருந்தார், நான் கீழே பொறுக்கிக்கொண்டிருந்தேன். பள்ளத்து வீட்டுக்காரர் ஓடி வந்து, “உன் பொண்ணு படிக்கிற ஊர்ல குண்டு போடறாங்களாம், டிவில காட்றான்” என்றார். உங்கப்பா கோலைக் கையில் பிடித்தபடியே மரத்தில் இருந்தார். இறங்குங்கள் என்று நான் கத்தியும் இறங்கவில்லை. எந்தக் கிளையில் கால் வைத்து இறங்குவது என்று தெரியவில்லை என்று பிறகுதான் சொன்னார். சிறு வயதிலிருந்து மரம் ஏறுகிற மனுஷன். இரண்டு பேர் ஏறித்தான் அவரைப் பிடித்து இறக்கினார்கள். அதற்குள் நான் சிக்னல் கிடைக்கிற பாறைக்கு ஓடிவிட்டேன். நீ எடுத்தாய். “அம்மா, தரைக்கு அடியில ரயில் ஸ்டேஷன்ல இருக்கோம். பயப்படாதே” என்றாய். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டே இருந்தது. அது யார் குழந்தை, பிழைத்ததா என்று இன்றுவரை நான் உன்னிடம் கேட்கவில்லை.

அங்கிருந்து நெரிசலான ரயிலில் நின்றுகொண்டே வந்து, பனியில் நடந்து, எல்லை தாண்டி நீ வந்து சேர்ந்ததை நீ பாதிதான் சொல்லியிருக்கிறாய். மீதியைக் கறுத்துப்போன உன் கால் விரல்களில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். சென்னை விமான நிலையத்தில் சால்வை போட்டார்கள், படம் எடுத்தார்கள். மலைக்கு வந்தபோது ஊரே தெருவில் நின்றது. ஆரத்தி எடுத்தார்கள். பிள்ளை உயிரோடு வந்ததே போதும் என்று நான் விழுந்து கும்பிட்டேன். போதும் என்று அன்றைக்கு நினைத்தது தப்பில்லை. ஆனால் உயிர் வந்தபிறகு அந்த உயிரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. சால்வை போட்டவர்களும் யோசிக்கவில்லை, நாங்களும் யோசிக்கவில்லை.

கொஞ்ச நாளில் உங்கள் காலேஜிலிருந்து போனிலேயே பாடம் நடத்த ஆரம்பித்தார்கள். காலையில் நீ பாறைக்குப் போவாய். வெயிலுக்கு ஒரு துண்டு, மழைக்கு ஒரு கோணிப்பை. ஒரு நாள் உனக்குக் களி எடுத்துக்கொண்டு வந்தபோது பாடம் நடத்துகிற மேடம் போனுக்குள் பேசிக்கொண்டிருந்தார். திடீரென்று அதிலிருந்து ஒரு ஊளைச் சத்தம் எழும்பியது. பாறைக்குக் கீழே மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் தலையைத் தூக்கின.

“இன்னாடி அது சத்தம்?” என்றேன்.

“அவங்க ஊர்ல சங்கு ஊதறாங்கம்மா. குண்டு வருதுன்னு அர்த்தம்.”

மேடம் இரண்டு வார்த்தை சொன்னார், படம் நின்றுபோயிற்று. நீ நோட்டை மூடவில்லை. வா, சாப்பிடு என்றதற்கு வரவில்லை. களி காய்ந்து ஏடு கட்டியபிறகு மறுபடியும் படம் வந்தது. இப்போது அவருக்குப் பின்னால் செங்கல் சுவர் இருந்தது, தோளில் ஒரு போர்வை இருந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் விட்ட வாக்கியத்திலிருந்து பாடத்தைத் தொடங்கினார் என்று நீ சொன்னாய். சொல்லும்போது உனக்குக் கண்ணில் நீர். எனக்கு அவர் பேசிய பாஷை ஒரு சொல்கூடத் தெரியாது. ஆனாலும் அன்றைக்கிலிருந்து சாமி கும்பிடும்போது அவரையும் சேர்த்துக்கொள்கிறேன்.

டாக்டர் படிப்பைப் போனில் பார்த்து முடிக்க முடியாது, நோயாளியைத் தொட்டுப் படித்தால்தான் செல்லும் என்றார்கள். அது நியாயம்தான். சரி, இங்கேயே ஏதாவது ஒரு காலேஜில் மீதியைத் தொட்டுப் படிக்கட்டும் என்று நீயும் அப்பாவும் மனு எடுத்துக்கொண்டு அலைந்தீர்கள். ஒரு முறை நானும் ஆபீசுக்கு வந்தேன். பெஞ்சில் நம் பக்கத்தில் வாணியம்பாடியிலிருந்து தோல் கம்பெனியில் வேலை பார்க்கிற ஒரு பாய், உன்னைப் போலத் திரும்பி வந்த தன் மகளோடு உட்கார்ந்திருந்தார். உள்ளே இருந்த அதிகாரி நல்ல மனுஷன், எங்களை உட்காரச் சொல்லித்தான் பேசினார். “உங்க கஷ்டம் எனக்குப் புரியுதுங்க. ஆனா அதுக்கு விதி இல்லீங்களே, நான் இன்னா பண்ண?” என்றார். வெளியே வந்ததும் அந்த பாய் உங்கப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். “சண்டை போட்டுகினவங்க யாரோ. ஃபெயிலானது நம்ம புள்ளைங்களாண்ணே?” என்று கேட்டார். பஸ்ஸில் வரும்போது உங்கப்பா கணியம்பாடி தாண்டும்வரை அதே கேள்வியை வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தார்.

அப்புறம் வந்த நாட்கள்தான் உன்னை அரித்தன. ஆரத்தி எடுத்த அதே தெருவில் ரேஷன் கடைக்குப் போனால், “வழி வுடுங்கப்பா, உக்ரைன் டாக்டரு வர்றாங்க” என்று சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் இல்லை, பழக்கத்தில் சொன்னார்கள். நீ கடைக்குப் போவதை நிறுத்தினாய். உன்னோடு பிளஸ் டூ படித்தவர்கள் போன் செய்தால் எடுப்பதை நிறுத்தினாய். அடுத்த மாசியில் புளி தட்டக் கொட்டகையில் உட்கார்ந்தவளைப் பார்த்தேன். தூசி படாமல் இருக்க மேலே எதையோ போட்டிருந்தாய். கிட்டே வந்து பார்த்தால் உன் வெள்ளைக் கோட்டு. பாக்கெட்டின் மேல் உன் பெயர் அவர்கள் எழுத்தில் தைத்திருந்தது. கைமுட்டிவரை புளிக்கறை. “எதுக்குடி இதைப் போட்டுக்கினே?” என்று கேட்டேன். “வேற எதுக்கும்மா இது?” என்றாய். கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நீ கொட்டை எடுத்துக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாய்.

அதே சமயத்தில்தான் கலசப்பாக்கத்தில் வேலை பார்க்கிற நம் ஆட்கள் பையனின் ஜாதகம் வந்தது. நல்ல பையன்தான். உன் வயதைச் சொல்லிச் சொல்லி உன் அத்தை அழுதாள். நானும் ஒரு வாரம் அந்தப் பக்கம் சாய்ந்தேன். இப்போது அதைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். கல்யாணம் பண்ணிக்கொள், எப்போதாவது, பிடித்தவனை. ஆனால் போக வேறு இடம் இல்லை என்பதற்காக ஒரு வீட்டுக்குள் நுழையாதே. அப்படி நுழைகிற வீட்டில் அடுப்பும் பகையாகத் தெரியும்.

சாந்தியின் குழந்தைக்கு வலிப்பு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். இதே அங்கன்வாடி, இதே மதிய நேரம். பிள்ளை நெருப்பாய்க் கொதித்தது, கண் மேலே சொருகியது. யாரோ சாவிக்கொத்தைக் கையில் திணிக்க வந்தார்கள். உன்னைக் கூப்பிட ஆள் போய்ச் சேர்வதற்குள் நீயே வந்துவிட்டாய், சத்தம் கேட்டு. எல்லாரையும் விலக்கினாய். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வைத்தாய், வாயில் வழிந்ததைத் துடைத்தாய், ஈரத்துணி போட்டாய். நூற்றியெட்டு வண்டி ரோட்டில் வந்து நின்றபோது நீதான் தூக்கிக்கொண்டு ஓடினாய். பிள்ளை பிழைத்தது. சாந்தி உன் காலில் விழ வந்தாள். ஊரே உன்னைப் புகழ்ந்தது. நீ வீட்டுக்கு வந்து சுவரோரமாக உட்கார்ந்து, கையை விரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

“நல்லது தானேடி பண்ணே, ஏன் இப்படி உக்காந்துக்கினு இருக்கே?” என்று கேட்டேன்.

“மருந்துப் பேரு தெரியும்மா. அந்த எடைக் கொழந்தைக்கு எவ்ளோ குடுக்கணும்னு தெரியாது. வண்டி வராம போயிருந்தா நான் பாத்துக்கினே நின்னிருப்பேன். பாதி தெரிஞ்சுக்கினு நிக்கறது எவ்ளோ கொடுமைன்னு உனக்குத் தெரியாதும்மா. அதெல்லாம் நாலாவது வருஷத்துலதான் வரும்.”

அந்த நாலாவது வருஷம் என்கிற வார்த்தையை அன்றைக்கு நீ சொன்ன விதம் இருக்கிறதே, சோறு என்று பசித்தவன் சொல்கிற மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு நீ சரியாகச் சாப்பிடவில்லை, பேசவில்லை. நாள் முழுக்கப் பாறையில் உட்கார்ந்திருந்தாய், பாடம் இல்லாத நாளிலும். பாறையின் விளிம்பில் நீ உட்கார்ந்திருப்பதை நான் தினமும் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகளைப் பார்க்க ஆயாவை விட்டுவிட்டு வந்து நின்றேன். ஏன் நின்றேன் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். எழுத வேண்டாம்.

ஒலேனாவின் போன் வந்தது அப்போதுதான். உன்னோடு ஒரே அறையில் இருந்த பெண். அவள் வீடு சண்டையின் முதல் வாரத்திலேயே இடிந்துபோயிற்று, அவளும் அவள் அம்மாவும் மேற்கே வேறு ஊருக்கு ஓடிப்போனார்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். உங்கள் காலேஜையும் அந்த ஊருக்கே மாற்றிவிட்டார்கள், ஒரு பள்ளிக்கூடத்தின் கீழறையில் வகுப்பு நடக்கிறது, அங்கே ஆஸ்பத்திரியில் நோயாளியைத் தொட்டுப் படிக்கலாம், விட்ட வருஷத்துப் பரீட்சையையும் எழுதலாம் என்று அவள் சொன்னாளாம். வீடு போன பிள்ளைகள், அண்ணனைப் பறிகொடுத்த பிள்ளைகள் எல்லாம் கோட்டு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்து படிக்கிறார்கள் என்றாளாம். நீ பாறையிலிருந்து ஓடி வந்தாய். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நீ ஓடி அன்றைக்குத்தான் பார்த்தேன்.

உங்கப்பா உறுமினார். “குண்டு வுழற ஊருக்குப் படிக்கப் போறாளாம். யாராவது கேட்டா காறித் துப்புவான். போனா உசுரு போவும். இங்க இருந்தா படிப்புதானே போவும்?”

“நான் இங்க உசுரோடவா இருக்கேன்? நீயே சொல்லுப்பா” என்றாய்.

அவர் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். அதற்குப் பிறகு பத்துப் பதினைந்து நாட்கள் நீயும் அவரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டீர்கள். நான் அடுப்பிலிருந்து அவர் முகத்தையும் உன் முகத்தையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போகச் சொன்னால் நான் தாயா? போகாதே என்று சொன்னாலும் நான் தாயா? என் அம்மா இருந்திருந்தால் கேட்டிருப்பேன். அவளுக்கும் தெரிந்திருக்காது. இப்படி ஒரு கேள்வி இந்த மலையில் யாருக்கும் வந்ததில்லை. கடைசியில் நான் சொன்னது உனக்கு நினைவிருக்கும். “பாறை மேல நீ உக்காந்திருக்கறதப் பாக்க என்னால ஆவல. போ” என்றேன். ஆசீர்வாதம் என்று நினைத்தாயோ என்னவோ. முடியாமல்தான் சொன்னேன்.

ஐப்பசி மழையில் நீ புறப்பட்டாய். நான் மலையிலேயே நின்றுவிட்டேன், உங்கப்பாதான் உன்னை வண்டியில் மலையடியில் இருக்கிற அமிர்திவரை கொண்டுவிட்டார். அங்கே பஸ் வருகிறவரை நடந்ததை அவர் என்னிடம் சொல்லிவிட்டார். உன் பெட்டியைக் கீழே வைக்காமல் தலையிலேயே வைத்துக்கொண்டு நின்றாராம். “சங்கு ஊதினா எவ்ளோ தூரம் ஓடணும்?” என்று கேட்டாராம். “ஹாஸ்டலுக்கு அடியிலயே எடம் இருக்குப்பா” என்றாயாம். “படிக்கட்டா, ஏணியா?” என்று கேட்டாராம். “படிக்கட்டுப்பா.” “கைப்பிடி இருக்குதா?” “இருக்குப்பா.” அப்புறம்தான் பெட்டியை இறக்கி பஸ்ஸில் ஏற்றினாராம். உன்னிடம் இதுவரை அவர் கேட்ட மன்னிப்பு அதுதான், கண்ணு. வேறு வார்த்தை அவரிடம் கிடையாது. தேடாதே.

போலந்துவரை விமானம், அதற்குமேல் பஸ், எல்லையில் ஒரு நாள் காத்திருப்பு. போய்ச் சேர்ந்தாய். ஒலேனாவின் அம்மா உனக்குச் சூடாக பீட்ரூட் சூப் வைத்துக் கொடுத்தார் என்று சொன்னாய். தன் வீடு போனவள் என் பிள்ளைக்குச் சோறு போட்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன செய்ய? நம் சாமை அரிசி ஒரு படி அனுப்ப முடியுமா என்று கேட்டேன், நீ சிரித்தாய். அனுப்ப முடியாவிட்டால் அவள் பாத்திரத்தையாவது நீ கழுவிக் கொடு. விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருக்காதே.

முதல் தடவை வார்டுக்குள் போன அன்றைக்கு நீ பேசியதுதான் இத்தனை வருஷத்தில் உன் உண்மையான குரல். ஒரு தாத்தா, மூச்சு வாங்குகிறது, நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்கச் சொன்னார்கள். உன் கை குளிரில் ஐஸாக இருந்ததாம். அவர் உன் இரண்டு கையையும் பிடித்துத் தன் உள்ளங்கைக்குள் தேய்த்துச் சூடாக்கிவிட்டு, “இப்போ கேளு” என்று அவர் பாஷையில் சொன்னாராம். சொல்லிவிட்டு நீ அழுதாய். “கேட்டுச்சாடி?” என்றேன். “கேட்டுச்சும்மா. நுரையீரல்ல தண்ணி. நானே கண்டுபுடிச்சேன்” என்றாய். நான் ஊர் முழுக்கச் சொன்னேன். ரேஷன் கடையிலும் சொன்னேன்.

அதற்கு அடுத்த வாரம்தான் நேற்றைய நாள்.

கண்ணு, நான் இப்போது இரண்டு வேண்டுதல் வைத்துக்கொண்டிருக்கிறேன். காலையில் நீ அந்தப் படிப்பை முடிக்க வேண்டும் என்று கும்பிடுகிறேன். சாயங்காலம் நீ எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடி வந்துவிட வேண்டும் என்று கும்பிடுகிறேன். எந்தச் சாமிக்கும் குழப்பமாகத்தான் இருக்கும். பிள்ளைகளைப் படிக்கவிடாமல் ஓடவைத்தவர்கள் மேல் எனக்கு வருகிற கோபத்தை வைக்க இந்த மலையில் இடமில்லை. இங்கே என் கம்பளிக்குள் தூங்குகிற பிள்ளைகளைப் பார்க்கிறேன். இவர்களை எழுப்பி, இன்றைக்குக் கீழறையில் போய்ப் படியுங்கள் என்று சொல்ல நேர்ந்தால் என்ன செய்வேன் என்று நினைக்கிறேன். அந்த மேடம் செய்ததைத்தான் செய்வேன் போலிருக்கிறது. வேறு என்ன செய்ய முடியும்?

தைரியசாலியாக இருக்காதே. சங்கு ஊதினால் மற்றவர்கள் பழகிப்போய்ப் படுத்தே கிடந்தாலும் நீ எழுந்து ஓடு. பழகிப்போகாதே, அதுதான் நான் கேட்பது. புத்தகத்தை எடுக்கத் திரும்பாதே, போனை எடுக்கத் திரும்பாதே. பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று எங்களிடம் சொல். இனிமேல் பயப்படாதேம்மா என்று ஆரம்பிக்காதே. முடியவில்லை என்றால் வா. பட்டம் இல்லாமல் வா, பாதியில் வா, தோற்றுப்போய் வா. தெருவில் யாராவது சிரித்தால் அவர்களுக்குப் பதில் சொல்ல நான் இருக்கிறேன், எனக்கு இப்போது வெட்கம் போய்விட்டது. ஆனால் நீ வரமாட்டாய் என்று எனக்குத் தெரியும். கரண்ட் இல்லை, கிளாஸுக்குப் போகிறேன் என்று எழுதுகிறவள் வரமாட்டாள்.

அதனால் ஒன்று மட்டும் செய். ஒவ்வொரு முறையும் சங்கு ஊதி அடங்கியதும் எனக்கு ஓர் எழுத்து அனுப்பு. நல்லா இருக்கேன் என்று எழுத வேண்டாம், சாப்பிட்டேன் என்று எழுத வேண்டாம், அவ்வளவுக்கு அங்கே சார்ஜ் இருக்காது, நேரம் இருக்காது. ‘அ’ என்று மட்டும் போடு. மீதியை நான் படித்துக்கொள்கிறேன்.

உன்
அம்மா